வாடகை வீட்டில் பூனைக்கதவு: பெங்களூருவில் முதல்முறை வைப்பவர்களுக்கு

சமையலறைக்கும் யுடிலிட்டிக்கும் (சமையலறையை ஒட்டித் துணி, பாத்திரம் கழுவும் இடம்) நடுவில் இருக்கும் கதவின் அடியில் ஒரு குட்டிக் கதவு. பூனை தலையால் முட்டினால் திறக்கும், அது போனதும் தானாக மூடிக்கொள்ளும். இவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. இதற்கு இரண்டு வீடும் ஒன்றரை வருஷமும் ஆனது. முதல் வீட்டு அட்வான்ஸில் 9,000 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் நடந்த தப்பை எல்லாம் குறித்து வைத்து, இரண்டாவது வீட்டில் ஒவ்வொன்றாகச் சரி செய்தேன். இப்போது பெங்களூருவுக்குக் குடிவந்து, பூனையோடு வாடகை வீடு பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு அந்தப் பணமும் மனக்கஷ்டமும் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்த ஊர் வீடுகளில் மணல் தொட்டி வைக்க யுடிலிட்டியை விட நல்ல இடம் கிடையாது. குழாய் இருக்கும், தண்ணீர் வடிய வழி இருக்கும், நாற்றம் வீட்டுக்குள் வராது. ஆனால் அந்தக் கதவைத் திறந்தே வைத்தால் கொசு வரும், கீழ்த்தளமாக இருந்தால் பெருச்சாளியும் வரும். மூடி வைத்தால் ராத்திரி மூன்று மணிக்குப் பூனை கதவைப் பிராண்டும். எங்கள் செல்லாயி பிராண்டிப் பிராண்டியே கதவின் மைக்காவைக் கால்வாசி உரித்துவிட்டாள்.

1. எந்தக் கதவில் வைப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வாசல் கதவில் வேண்டாம். பூட்டுக்குக் கீழே ஓட்டை போட்ட கதவு, கை நுழைக்கத் தெரிந்த எவருக்கும் வசதி. அடுக்குமாடியாக இருந்தால் லிஃப்ட் வராந்தா பக்கத்துக் கதவு தீத்தடுப்புக் கதவாக இருக்க வாய்ப்புண்டு. அதில் துளை போட்டால் தீயையும் புகையையும் அது தடுக்காது. அந்த மாதிரிக் கதவைத் தொடவே கூடாது.

வலை போடாத பால்கனிக் கதவிலும் வேண்டாம். பூனை எங்கிருந்து விழுந்தாலும் நாலு காலில் நிற்கும் என்பதை நம்பிவிடாதீர்கள். நாலு காலில் விழுந்தாலும் தாடை உடையும், நெஞ்சில் அடிபடும். புறா ஒன்று வந்து உட்கார்ந்தால் போதும், பாய்ந்துவிடும்.

யுடிலிட்டியிலும் கிரில்லைப் பார்த்து ஏமாறாதீர்கள். கம்பிக்குக் கம்பி நாலு அங்குலம் இருக்கும். தலை நுழைந்தால் பெரும்பாலும் பூனையும் நுழைந்துவிடும். புறாவுக்குக் கட்டும் நைலான் வலையைக் கடித்தே அறுத்துவிடும். கிரில்லின் உள்பக்கம் வெல்டு மெஷ் என்று கேட்டு வாங்கும் இரும்பு வலையைக் கட்டிய பிறகுதான் பூனைக்கதவைப் பற்றியே யோசிக்க வேண்டும்.

கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் நேராகத் தெருவுக்கே வழி விடலாமா என்று கேட்பார்கள். பெங்களூரு போக்குவரத்தையும் தெரு நாய்களையும் பார்த்தவள் என்ற முறையில் வேண்டாம் என்றுதான் சொல்வேன். விட்டே ஆக வேண்டுமென்றால் கருத்தடையும் ரேபிஸ் தடுப்பூசியும் முடிந்த பிறகு விடுங்கள்.

கண்ணாடிக் கதவாக இருந்தால் ஒரு விஷயம் கவனியுங்கள். டஃபன்டு கண்ணாடி (சூடாக்கிப் பலப்படுத்தியது) என்றால் அதில் துளையே போட முடியாது, போட்ட அடுத்த நொடி பொடிப்பொடியாகிவிடும். துளையோடு சேர்த்துப் புதிதாக ஆர்டர் கொடுத்துச் செய்வதுதான் வழி. கண்ணாடியின் மூலையில் சின்னதாக முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் பெரும்பாலும் அது டஃபன்டுதான். முத்திரை இல்லை என்பதை மட்டும் வைத்துச் சாதாரணக் கண்ணாடி என்று முடிவு கட்ட வேண்டாம், கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும்.

2. வீட்டுக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள்

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். முதல் வீட்டுக்காரரிடம் போனில் கேட்டேன். “அதுக்கென்னம்மா, சின்னதா போட்டுக்குங்க” என்றார். நானும் அவருடைய கதவையே அறுத்தேன். காலி செய்யும்போது பார்க்க வந்தது அவருடைய மகன். அவருக்கு அந்தப் பேச்சே தெரியாது. பெயின்ட் செலவுக்கென்று ஒரு மாத வாடகை போக, கதவு மாற்ற 9,000 தனியாகப் பிடித்தார்கள். காட்ட என் கையில் ஒரு துண்டுச்சீட்டு கிடையாது.

இந்த ஊரில் ஐந்து, ஆறு மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். சில இடங்களில் பத்து மாதம்கூடக் கேட்கிறார்கள். அவ்வளவு பணம் அவர்கள் கையில் இருக்கும்போது வாய்ப்பேச்சை நம்பிக் கதவை அறுக்காதீர்கள்.

இரண்டாவது வீட்டில் கேட்கும் விதத்தையே மாற்றினேன். “ஆன்ட்டி, உங்க கதவை நான் தொடப்போறதில்லை. அதைக் கழட்டித் துணி சுத்திப் பரண்ல வெச்சிடறேன். என் செலவுல வேற கதவு மாட்டிக்கறேன். போகும்போது உங்க கதவை அப்படியே மாட்டிட்டுப் போறேன்” என்றேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: “என் கதவுல செல்லு பிடிச்சா?” கரையானைத்தான் சொன்னார். மருந்து அடித்து, தரையில் படாமல் வைக்கிறேன் என்றதும் சரி என்றுவிட்டார். இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: வீட்டுக்காரரின் பொருளில் துளை போடாதீர்கள், உங்கள் பொருளில் போடுங்கள்.

எழுத்தில் என்ன வேண்டும்? ஒரு பக்கக் கடிதம் போதும். எந்தக் கதவு, என்ன செய்யப் போகிறீர்கள், யார் செலவு, பழைய கதவு எங்கே இருக்கும், காலி செய்யும்போது யார் மாட்டுவது, இந்த வேலைக்காக அட்வான்ஸில் எதுவும் பிடிக்கமாட்டார்கள் என்பது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி. கழற்றுவதற்கு முன் கதவின் இரண்டு பக்கமும், கீல்கள், நிலை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். தேதியோடு அங்கேயே இருக்கும். பதினோரு மாத அக்ரிமென்ட்டைப் புதுப்பிக்கும்போது இதையே ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்ப்பதற்குத் தனிச் செலவு கிடையாது.

வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தால், சாவி வைத்திருக்கும் உறவினர் சொல்வது போதாது. அக்ரிமென்ட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடமிருந்து மெயில் வர வேண்டும்.

3. அசோசியேஷன் இருந்தால்

வீட்டுக்குள் இருக்கும் கதவுக்கு அவர்கள் அனுமதி தேவைப்படாது. ஆசாரி உள்ளே வர கேட் பாஸும், டிரில் ஓட்டும் நேரமும்தான் பிரச்சினை. பல இடங்களில் ஞாயிற்றுக்கிழமை வேலை கூடாது, மதியம் சத்தம் கூடாது. முந்தின நாளே அலுவலகத்தில் கேட்டு வையுங்கள்.

“பூனையே வளர்க்கக் கூடாது” என்று யாராவது ஆரம்பித்தால், இந்திய விலங்கு நல வாரியம் 2015 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலைக் காட்டுங்கள். குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை ஓட்டு போட்டாலும் செல்லப்பிராணிக்குத் தடை விதிக்க முடியாது என்கிறது. அது முக்கியமாக நாய்களை வைத்து எழுதப்பட்டது, ஆனாலும் பேச்சைத் தொடங்க உதவும். கூடவே தடுப்பூசி அட்டையை வைத்திருங்கள். என் அனுபவத்தில் சட்டத்தை விட அந்த அட்டைதான் சீக்கிரம் வாயை அடைக்கிறது.

4. பூனையை அளந்துவிட்டு வாங்குங்கள்

ஒரு அட்டைப்பெட்டியில் 16 சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஓட்டை வெட்டுங்கள். அந்தப் பக்கம் கருவாட்டுத் துண்டு ஒன்றை வையுங்கள். பூனை வயிறு இடிக்காமல் நுழைகிறதா என்று பாருங்கள். நம்ம ஊர்ப் பூனைகள் மூன்று நாலு கிலோதான் இருக்கும், சாதாரண அளவே போதும். பெர்ஷியன் மாதிரி உருண்டையான பூனைக்குப் பெரிய அளவு வாங்க வேண்டும்.

பூனை நிற்கும்போது தரையிலிருந்து வயிறு வரை எவ்வளவு உயரம் என்பதையும் அளந்து எழுதி வையுங்கள். செல்லாயிக்கு 13 சென்டிமீட்டர். குட்டிக்கதவின் கீழ் விளிம்பு அந்த உயரத்தில்தான் வர வேண்டும். இந்த எண் அடுத்த படிகளில் மறுபடி வரும்.

எந்த வகை வாங்குவது? நாலு நிலைப் பூட்டு உள்ள சாதாரண பிளாஸ்டிக் கதவு போதும். இரண்டு பக்கமும் போகலாம், உள்ளே வர மட்டும், வெளியே போக மட்டும், முழுப் பூட்டு என்று நாலு நிலை. தீபாவளி சமயத்தில் முழுப் பூட்டு ரொம்ப உதவும். வெடிச்சத்தம் தொடங்குமுன் பூனையை உள்ளே எடுத்து, மணல் தொட்டியையும் இரண்டு நாளைக்கு உள்ளே வைத்துவிட்டுப் பூட்டிவிடலாம்.

மைக்ரோசிப் படித்துத் திறக்கும் கதவு, வெளிப் பூனைகள் உள்ளே வரும் வீட்டுக்கு மட்டும். பூனையின் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் அரிசி அளவு சிப் ஒன்றை மருத்துவர் ஊசியால் வைப்பார். அதில் இருக்கும் 15 இலக்க எண்ணைக் கதவு படித்தால்தான் தாழ் விலகும். பேட்டரியில் ஓடும். இரும்புக் கதவிலோ இரும்புச் சட்டத்துக்குப் பக்கத்திலோ வைத்தால் சிப்பைப் படிக்கத் தடுமாறும். விலை பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். மூடிய யுடிலிட்டிக்கு இது வீண் செலவு.

கடையில் போய் “கேட் ஃப்ளாப்” (பூனைக்கதவுக்கு ஆங்கிலத்தில் இதுதான் பெயர்) என்றால் இரும்பு கேட்டுக்கான சாமானை எடுத்துக் காட்டுவார்கள். நான் எஸ்.பி. ரோட்டில் மூன்று கடையில் இதே அனுபவப்பட்டேன். ஆன்லைனில் வாங்குவதே சுலபம். வாங்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள்: எத்தனை மில்லிமீட்டர் கனமுள்ள கதவுக்குப் பொருந்தும் என்பது, வெட்டும் அளவுக்கான காகித அச்சு பெட்டிக்குள் இருக்கிறதா என்பது.

5. கதவைத் தட்டிப் பாருங்கள், புதுக் கதவு வாங்குங்கள்

விரல் முட்டியால் கதவின் நடுவில் தட்டுங்கள். கட்டையாகச் சத்தம் வந்தால் உள்ளே முழு மரக்கட்டை அடைத்த ஃப்ளஷ் டோர் (இரண்டு பக்கமும் பலகை ஒட்டிய தட்டையான கதவு). டொக் டொக் என்று வெறுமையாகக் கேட்டால் உள்ளே கூடு. முதல் வீட்டில் எனக்கு அமைந்தது கூடு. அறுத்ததும் இரண்டு மெல்லிய பலகை, நடுவில் காற்று. திருகு பிடிக்க எதுவும் இல்லை. ஒரே மாதத்தில் குட்டிக்கதவின் சட்டம் ஆடி, பலகை உள்வாங்கிவிட்டது. அப்படிப்பட்ட கதவுதான் இருக்கிறது என்றால், துளையின் நாலு பக்கமும் உள்ளே ரீப்பர் கட்டை (மெல்லிய மரச்சட்டம்) செருகி ஃபெவிகால் போட்டு ஒட்டிய பிறகே சட்டத்தை மாட்டச் சொல்லுங்கள்.

புதுக் கதவுக்குக் கட்டை அடைத்த ஃப்ளஷ் டோர் போதும். உயரம், அகலம், கனம் மூன்றையும் பழைய கதவில் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். கனம் மாறினால் பழைய கதவுக்கு நிலையில் வெட்டிய கீல் பள்ளம் பொருந்தாது, நிலையைச் செதுக்க வேண்டி வரும். நிலை வீட்டுக்காரருடையது, அதில் உளி படக்கூடாது. மைசூர் ரோடு டிம்பர் யார்டு லேஅவுட் பக்கம் போனால் விலை குறையும். ஆனால் கதவைக் கொண்டுவரும் வண்டிக்கூலியைச் சேர்த்துப் பார்த்தால் பக்கத்து ப்ளைவுட் கடையே மேல்.

6. ஆசாரி வரும் நாள்

மழை இல்லாத மாதங்களில் செய்யுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. மழை பிடித்துவிட்டால் கதவு ஊறிப் புடைத்திருக்கும், அப்போது எடுத்த அளவு பிறகு சரியாக வராது.

ஆசாரிக்கு நீங்கள் கேட்பது என்னவென்று முதலில் விளங்காது. கன்னடக்காரராக இருந்தால் பெக்கு, ஹிந்திக்காரராக இருந்தால் பில்லி என்று சொல்லி, படத்தையும் காகித அச்சையும் கையில் கொடுங்கள். எனக்கு வாய்த்தவர் தர்மபுரிப் பக்கத்து அண்ணன், நாற்பது வருஷமாகக் கதவு செய்கிறவர். “பூனைக்குன்னு நான் கதவு வெச்சதே இல்லம்மா” என்றவர், அச்சைப் பார்த்ததும் வேறு கேள்வி கேட்கவில்லை. இரண்டு ஸ்டூலில் கதவைப் படுக்கப்போட்டு, மூலைமட்டம் வைத்துக் கோடு போட்டார்.

கோடு போடும் முன் உயரத்தை இரண்டு பக்கமும் அளந்தாக வேண்டும். பெங்களூரு வீடுகளில் யுடிலிட்டித் தரை சமையலறைத் தரையை விடத் தாழ்ந்திருக்கும், தண்ணீர் உள்ளே வராமல் இருக்க. முதல் வீட்டில் சமையலறைப் பக்கம் ஆறு அங்குலம் என்று அளந்து வெட்டினார்கள். அந்தப் பக்கம் தரை நாலு அங்குலம் கீழே. பூனைக்குப் பத்து அங்குல உயரத்தில் ஜன்னல் வைத்த மாதிரி ஆகிவிட்டது. செல்லாயி ஒரு முறை இறங்கிப் பார்த்தாள், திரும்பி ஏறவே மறுத்துவிட்டாள். வித்தியாசம் இருந்தால் உயரமான தரைப் பக்கத்தில் வயிற்று உயரத்தை விட இரண்டு அங்குலம் குறைத்து வைத்து, தாழ்ந்த பக்கத்தில் ஒரு செங்கல்லையோ பலகைப் படியையோ போடுங்கள்.

கீழ்த் தாழ்ப்பாளையும் பாருங்கள். குட்டிக்கதவு வழியாகக் கையை நீட்டினால் தாழ்ப்பாள் எட்டக்கூடாது. எட்டினால் புதுக் கதவில் கீழ்த் தாழ்ப்பாளே வேண்டாம், மேலே மட்டும் போதும்.

அறுக்கும் முறை இது. கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்ட வேண்டும், மைக்கா பெயராமல் இருக்க. நாலு மூலையிலும் 10 மில்லிமீட்டர் துளை போட்டு, அதற்குள் ஜிக்சா (சின்ன மின் ரம்பம்) பிளேடை விட்டு அறுக்க வேண்டும். ஜிக்சா மேல்நோக்கி வரும்போதுதான் அறுக்கும், மேல்பக்கம்தான் சிதறும். அதனால் சமையலறையில் தெரியப்போகும் பக்கம் கீழே இருக்கட்டும். இதை நீங்களே நின்று சொல்லுங்கள்.

வெட்டின விளிம்பை அப்படியே விட்டுவிட்டுச் சட்டத்தை மாட்டத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். விடாதீர்கள். பெயின்ட் அடிக்காத மரம் யுடிலிட்டி ஈரத்தை உறிஞ்சி ஒரே மழைக்காலத்தில் ஊதிவிடும். பிரைமர் ஒரு கோட், எனாமல் இரண்டு கோட், கதவின் அடி விளிம்புக்கும் சேர்த்து. காய இரண்டு நாள் ஆகும். அதற்காக ஆசாரியை இரண்டாம் முறை கூப்பிட வேண்டியதில்லை. சட்டத்தை மாட்ட ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும், நீங்களே மாட்டிவிடலாம்.

மாட்டும்போது ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சட்டம் கொஞ்சம் சாய்ந்தாலும் குட்டிக்கதவு ஒரு பக்கம் உரசும், அடியில் உள்ள காந்தம் நேர்க்கோட்டில் பிடிக்காது. திருகைக் கையாலேயே முறுக்குங்கள். மெஷினால் முறுக்கினால் பிளாஸ்டிக் சட்டம் வளைந்துவிடும். யுடிலிட்டிப் பக்கம் சுற்றிலும் சிலிக்கான் பூசினால் தண்ணீரும் எறும்பும் புகாது.

7. பூனைக்குப் பழக்குவது

முதல் நாலு நாள் குட்டிக்கதவைக் கயிற்றால் தூக்கிக் கட்டி முழுதாகத் திறந்தே வையுங்கள். சாப்பாட்டுத் தட்டை அந்தப் பக்கம் வையுங்கள். போகவர ஆரம்பித்ததும் பாதி இறக்குங்கள். பிறகு முழுதாக இறக்குங்கள். காந்தத்தைக் கழற்ற முடிந்தால் அதுவரை கழற்றியே வையுங்கள். அந்த ‘க்ளிக்’ சத்தத்துக்குத்தான் பாதிப் பூனைகள் பயப்படும்.

பூனையைப் பிடித்துத் தள்ளாதீர்கள். ஒருமுறை தள்ளினால் ஒரு வாரம் கிட்டேயே வராது. இந்த நாட்களில் வீட்டுக்குள்ளும் ஒரு மணல் தொட்டி இருக்கட்டும், இல்லாவிட்டால் சோபாவில் போய்விடும். செல்லாயிக்குப் பதினேழு நாள் ஆனது. முதல் நாள் முழுக்க முன்னங்காலால் லேசாகத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். பதினேழாம் நாள் காலை பால் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது பின்னால் ‘க்ளிக்’ என்று கேட்டது. திரும்பிப் பார்த்தால் காலடியில் நிற்கிறாள்.

8. செலவும் நாளும்

எனக்கு ஆன கணக்கு: குட்டிக்கதவு 2,400, வண்டிக்கூலியோடு புதுக் கதவு 2,800, ஆசாரி கூலி 1,500, பெயின்ட், சிலிக்கான், டேப் 450, ஆட்டோ 350. மொத்தம் 7,500 ரூபாய். முதல் வீட்டில் பிடித்த 9,000-ஐ விட இது குறைவு. வெல்டு மெஷ் இதில் சேரவில்லை, யுடிலிட்டியின் அளவைப் பொறுத்து அது மாறும்.

ஆசாரியிடம் நாள்கூலி பேசாதீர்கள், வேலைக்கு இவ்வளவு என்று பேசுங்கள். பழைய கதவைக் கழற்றுவது, புதுக் கதவில் கீல், தாழ்ப்பாள் மாட்டுவது, துளை வெட்டுவது மூன்றும் சேர்த்து என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். “கீலுக்குத் தனி” என்று கடைசியில் கேட்கும் வழக்கம் உண்டு.

நாளைப் பொறுத்தவரை, கடிதம் கையெழுத்தாக ஒரு வாரம், குட்டிக்கதவு வர ஐந்து நாள், வேலை அரை நாள், பெயின்ட் காய இரண்டு நாள், பழக்க இரண்டு மூன்று வாரம். ஊருக்குப் போகும் திட்டம் இருந்தால் திரும்பி வந்த பிறகு ஆரம்பியுங்கள். பாதிப் பழக்கத்தில் பூனையைப் பக்கத்து வீட்டில் விட்டுப் போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

9. காலி செய்யும்போது

பழைய கதவை வருஷத்துக்கு ஒரு முறை துணியைப் பிரித்துப் பாருங்கள். கரையான் மண் தெரிகிறதா, வளைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பச் சுற்றுங்கள். சாய்த்து வைத்தால் வளையும், படுக்க வைப்பதே நல்லது.

வீட்டுக்காரர் பார்க்க வரும் நாளுக்கு ஒரு நாள் முன்பே பழைய கதவை மாட்டி முடித்துவிடுங்கள். கதவு தூக்க இரண்டு ஆள் வேண்டும். அதன் திருகுகளையும் கீழ்த் தாழ்ப்பாளையும் கழற்றிய நாளிலேயே ஒரு கவரில் போட்டு, அந்தக் கதவிலேயே டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தால் அன்றைக்குத் தேட வேண்டியிருக்காது. மாட்டியதும் போட்டோ எடுத்து, முதலில் அனுப்பிய போட்டோவுக்கு ரிப்ளையாகவே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

உங்கள் கதவை அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்றால், அகலம் வீட்டுக்கு வீடு மாறும். அரை அங்குலம் அதிகமாக இருந்தால் இழைத்துக் குறைக்கலாம், குறைவாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. புது வீட்டுக் கதவை முதலில் அளந்து பாருங்கள். பொருந்தாவிட்டால் குட்டிக்கதவை மட்டும் கழற்றி, அதன் திருகுகளோடும் காகித அச்சோடும் பெட்டியில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.